நல்லாத் தின்னுது, ஆனா மெலியுது

வீட்டில் பத்து வயது தாண்டிய பூனை இருக்கா? முன்னைவிட நல்லாத் தின்னுதா? தின்னத் தின்ன மெலிஞ்சு போகுதா? மூன்றுக்கும் பதில் "ஓம்" என்றால், வீட்டில் அடுத்து வரும் வசனமும் எங்களுக்குத் தெரியும்: "வயசு போச்சு, அப்படித்தான் இருக்கும்." இந்த வசனத்தோடுதான் எங்களுக்குப் பிரச்சினை.

வயது ஒரு நோய் அல்ல. வயதான பூனைகளுக்கு வரும் நோய்களில் ஒன்று, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்வது. அதை ஒரு இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்தால் கட்டுப்படுத்தலாம். அப்படியிருந்தும் நம்ம பக்கத்தில் இதைப் பெயர் சொல்லிக் கதைக்கிறவர்கள் குறைவு. அதனால் நாங்கள் கதைக்கிறோம்.

கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரைக்கும் நம் கரையோரப் பூனைகளைப் பாருங்க. பாதி வீடு, பாதி வாடி. காலையில் சூடை மீன் தலை, மத்தியானம் சோற்றோடு மிச்ச ஆணம், பின்னேரம் கருவாட்டுப் பாயடியில் ஒரு காவல். இப்படி வளரும் பூனைக்கு நாம் வைத்திருக்கும் ஒரே உடல்நல அளவுகோல் பசிதான். தின்னாவிட்டால் சுகமில்லை, தின்றால் சுகம். மற்ற நோய்களுக்கு இது ஓரளவு சரி. இந்த நோயில் இதே அளவுகோல்தான் நம்மை ஏமாற்றுது.

காரணம் இதுதான். தைரொயிட் ஹோர்மோன் உடம்பின் எரிபொருள் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அது கூடினால் இதயம் வேகமாக அடிக்கும், குடல் வேகமாக ஓடும், கொழுப்பும் தசையும் கரையும். தின்ற சாப்பாடு உடம்பில் ஒட்டாது. அடுப்பை முழுசாத் திறந்துவிட்டு, காஸ் சிலிண்டர் ஏன் சீக்கிரம் முடியுது என்று கேட்கிற மாதிரி. பூனை கோப்பையைக் காலியாக்கிவிட்டு இன்னும் கேட்கும். "நல்ல பசி, பயமில்லை" என்று நாமும் இன்னொரு மீனைப் போடுவோம். உள்ளே அது பட்டினியில் கிடக்கும்.

புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் வளர்ந்த பலரும், பூனையை அடைத்துவைத்து உணவு கொடுக்காமல் விட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸைச் சின்ன வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருப்பார்கள். பூனைக்குச் சாப்பாடு போடுவது கடமை என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நிறைந்த கோப்பைக்கு முன்னாலும் ஒரு பூனை பட்டினியில் மெலியலாம் என்பது புதிய செய்தி. அந்தக் கடமையை இந்த இடம் வரைக்கும் நீட்ட வேண்டும் என்பது எங்கள் வாதம்.

மருத்துவ உலகுக்கும் இது பழைய நோய் இல்லை. 1979 இல் நியூயோர்க்கில் உள்ள மிருக வைத்தியர்கள்தான் இதை முதலில் தெளிவாக விவரித்தார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பத்து வயது தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு இது வருவதாகக் கணக்கு. பெரும்பாலும் சுரப்பியில் வளரும் சாதாரணக் கட்டிதான் காரணம். புற்றுநோய் என்பது நூற்றில் இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான். கட்டி ஏன் வளருது என்பதற்கு ஆய்வாளர்களிடம் ஒரே பதில் இல்லை. டின்னில் அடைத்த பூனை உணவு, தளபாடங்களில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்கள், உணவிலுள்ள அயடீன் அளவு என்று பலதும் சந்தேகப் பட்டியலில் இருக்கு. ஆகவே "நீ மீன் குடுத்ததாலதான் வந்தது" என்று யாராவது உம்மாவைக் குற்றம் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி யாரும் நிரூபித்ததில்லை.

அறிகுறிகளைச் சொல்கிறோம். தின்றும் எடை குறைவது முதலாவது. பிறகு அமைதியில்லாமல் அலைவது, இரவில் காரணமில்லாமல் உரக்கக் கத்துவது, நிறையத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சத்தி, வயிற்றோட்டம், மயிர் பரட்டையாகிப் பளபளப்பு இல்லாமல் போவது. சில பூனைகள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பூனை குட்டி மாதிரி ஓடினால் வீட்டில் எல்லாரும் சந்தோசப்படுவோம். நாங்கள் சொல்வது, அப்போதுதான் தூக்கி நிறுத்துப் பாருங்க. சில பூனைகளில் இதற்கு நேர்மாறாகப் பசி குறைந்து சோர்வு வரும். அது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

நிறுப்பதற்குப் பெரிய வசதி தேவையில்லை. மீன் நிறுக்கும் டிஜிட்டல் தராசு இல்லாத ஊர் நம் கரையில் ஏது? ஒரு கூடையை வைத்து அதன் எடையைப் பாருங்க, பிறகு பூனையோடு பாருங்க, கழியுங்க. மாதத்தில் ஒரு நாள், அதே தராசில். போனில் குறித்து வையுங்க. நாலு கிலோப் பூனை அரைக் கிலோ குறைந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது உடம்பின் எட்டில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆள் ஒருவர் ஏழரைக் கிலோ குறைந்தால் நாம் சும்மா இருப்போமா?

மெலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. நீரிழிவு, சிறுநீரக நோய், பூச்சி, பல் வருத்தம், குடலில் கட்டி. நீரிழிவிலும் நிறையத் தின்று, நிறையத் தண்ணீர் குடித்து, மெலியும். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. மிருக வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்ப்பார், இதயத் துடிப்பை எண்ணுவார், இரத்தம் எடுப்பார். பார்க்க வேண்டியது டீ-4 என்ற ஹோர்மோனின் அளவு. அதோடு சீனி, சிறுநீரகம், ஈரல், இரத்த அணுக்கள். முடிந்தால் இரத்த அழுத்தமும். அழுத்தம் கூடிய பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கு. டீ-4 ஹோர்மோன் மனிதனுக்கும் பூனைக்கும் ஒன்றுதான், ஆனால் இயல்பான அளவு ஒன்றல்ல. மனிதனுக்கு ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 5 முதல் 12 மைக்ரோகிராம். பூனைக்கு ஏறக்குறைய 1 முதல் 4. ஒரு பூனையின் அளவு 7 என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்கான லேப் அச்சடிக்கும் ரிப்போர்ட்டில் அது "நோர்மல்" பக்கம் நிற்கும். பூனைக்கு அது தெளிவான நோய். அதேபோல் மனிதருக்கான டீஎஸ்எச் பரிசோதனை பூனையின் ஹோர்மோனைச் சரியாகப் பிடிக்காது. ரிப்போர்ட்டை வைத்திருக்கிறவர்கள் அந்த "நோர்மல்" என்ற சொல்லைப் பார்த்து அலுமாரியில் வைத்துவிடாமல், மிருக வைத்தியரிடம் எண்ணைக் காட்ட வேண்டும்.

தூரம் ஒரு உண்மையான பிரச்சினை. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு 150 கிலோமீற்றருக்கு மேல். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு முழு நாள் பயணம். பஸ்ஸில் கூடையோடு ஏறினால் கண்டக்டர் பார்க்கும் பார்வை வேறு. ஆனால் பூனைதான் பயணம் போக வேண்டும் என்று இல்லை. இரத்தம் போகலாம். டீ-4 எளிதில் கெட்டுப்போகாத ஹோர்மோன். இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்து அனுப்பினால் நம்பகமான முடிவு கிடைக்கும். பக்கத்திலுள்ள வைத்தியரிடம் "இங்கேயே இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்ப ஏலுமா?" என்று கேளுங்க. இந்த ஒரு கேள்வியால் அரைவாசிச் செலவும் அலைச்சலும் குறையலாம்.

சிகிச்சை நாலு வகை. ஒன்று, அயடீன்-131 என்ற கதிரியக்க ஊசி. ஒரே ஊசியில் நூற்றில் தொண்ணூற்றைந்து பூனைகள் அளவில் குணமாகின்றன. ஆனால் அதற்கு அனுமதி பெற்ற விசேட நிலையம் வேண்டும், ஊசிக்குப் பிறகு பூனையைத் தனியே வைத்திருக்க வேண்டும். இரண்டு, சத்திர சிகிச்சை. வயதான பூனைக்கு மயக்க மருந்து ஒரு ஆபத்து, பக்கத்திலுள்ள சின்னச் சுரப்பிகள் பழுதாகிக் கல்சியம் குறைவது இன்னொன்று. மூன்று, அயடீன் மிகக் குறைந்த விசேட உணவு. நாலு, தினமும் குளிசை.

மூன்றாவதை இன்ரநெட்டில் படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். மருந்து இல்லை, சாப்பாடு மட்டும், எவ்வளவு லேசு! நம் ஊருக்கு அது சரிவராது என்பது எங்கள் கருத்து. அந்த உணவு வேலை செய்ய வேண்டுமென்றால் பூனை வேறு எதையுமே தின்னக்கூடாது. ஒரு மீன் துண்டுகூட. கடல் மீனில் அயடீன் உண்டு. வாடிக்குப் போகாத பூனையை நம் கரையில் எங்கே தேடுவது? மதிலேறிப் பக்கத்து வீட்டில் ஒரு மீன் தலையைத் தின்றுவிட்டு வந்தால் அந்த விலையுயர்ந்த சாப்பாட்டின் பலன் போச்சு.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பளத்து மக்களுக்குத் தைரொயிட் என்றதும் உப்பு ஞாபகம் வருவது நியாயம். ஆனால் பாலாவிப் பக்கம் அளத்தில் விளையும் உப்பில் இயல்பாக இருக்கும் அயடீன் மிகக் குறைவு. அதனால்தான் 1995 இலிருந்து இலங்கையில் மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அது மனிதரின் அயடீன் குறைபாட்டுக்கு. பூனையின் இந்த நோய்க்கு அயடீன் உப்பு கொடுப்பதும் மருந்தில்லை, உப்பை நிறுத்துவதும் மருந்தில்லை.

மிஞ்சுவது குளிசை. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதைச் சொல்லத்தான்: குளிசை இரண்டாந்தர வழி அல்ல. உலகம் முழுக்க ஏராளமான பூனைகள் இதில்தான் வாழுது. மெதிமசோல் அல்லது கார்பிமசோல். கார்பிமசோல் உடம்புக்குள் போய் மெதிமசோலாகத்தான் மாறும். மனிதருக்கும் தைரொயிட் கூடினால் கொடுக்கும் மருந்து இது. கட்டியை அது கரைக்காது, ஹோர்மோன் உற்பத்தியைத்தான் அடக்கும். நிறுத்தினால் சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே ஆயுள் முழுக்க. ஒழுங்காகக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஹோர்மோன் இறங்கும், பிறகு எடை ஏறும். வேறு பெரிய நோய் இல்லாத பூனைகள் இப்படியே வருடக்கணக்கில் நல்லா இருக்கும்.

மனித மருந்துதானே என்று நாமே பாமசியில் வாங்கித் தொடங்கலாமா? கூடாது. பல வீடுகளில் "தைரொயிட் குளிசை" என்று இருப்பது தைரொக்சின். அது தைரொயிட் குறைந்தவர்களுக்கு ஹோர்மோனைக் கூட்டிக் கொடுப்பது, நேர் எதிர் மருந்து. சாச்சியின் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பூனைக்குக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி. சரியான மருந்தாகவே இருந்தாலும் நாலு கிலோ உடம்புக்கு அளவு வேறு. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இதோடு சேர்த்து இன்னொன்று: காய்ச்சலோ நோவோ என்று பனடோல் கொடுக்கவே வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதம் கவனமாக இருக்க வேண்டிய காலம். சத்தி, சாப்பாட்டில் வெறுப்பு, முகத்தை விடாமல் சொறிவது, உடம்பு மஞ்சளாவது, எங்காவது இரத்தம் கசிவது, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியரிடம் பேச வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் மறுபடி இரத்தப் பரிசோதனை. பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதற்கு ஒரு காரணம் சிறுநீரகம். தைரொயிட் கூடியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் கூடப் பாயும். அங்கே இருக்கும் பழுது அதனால் மறைந்திருக்கும். ஹோர்மோனை இறக்கியதும் அது வெளியே தெரியலாம். "மருந்து குடுத்துத்தான் கிட்னி போச்சு" என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் பழுது முன்பே இருந்தது, இப்போதுதான் தெரியுது. அளவை மாற்றுவதா, வேறு சாப்பாடா என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம். தானாக நிறுத்துவதுதான் தப்பு.

குளிசையை அரைக்கக்கூடாது, தூளாக்கக்கூடாது. மீன் சதைக்குள் வைத்து உருட்டிக் கொடுங்க, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடக்கூடாது, பூனையின் மலசலத்தைத் துப்பரவு செய்யவும் கூடாது. வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும் மருந்து இது. நம் வீடுகளில் பூனை வேலை தானாகவே பெண்கள் தலையில் விழுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். இந்த வேலையைத் தம்பிமாரும் வாப்பாமாரும் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி இடைவெளியில். கேட்கப் பெரிய சுமையாக இருக்கும். ஆனால் நாம் இருக்கும் அகலக்கோட்டில் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். விடியும்போது ஒன்று, பொழுதுபடும்போது ஒன்று. பள்ளிவாசல் பாங்கோ, கோயில் மணியோ, தேவாலய மணியோ, நம் ஊர்கள் அந்த இரண்டு நேரத்தையும் ஏற்கெனவே சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்தவர் கோடு போடுங்க. இல்லாவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள், அல்லது இருவரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி. "மனிசருக்கே மருந்தில்லாத நாட்டில பூனைக்கு மருந்தா?" 2022 இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்ட நாட்களை யாரும் மறக்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் சிரித்து ஒதுக்க மாட்டோம். மருந்து தட்டுப்பட்டால் மனிதர்தான் முதல். ஆனால் தட்டுப்பாடில்லாத நாளிலும் அதே வசனத்தைச் சொல்லி ஒரு நோயைப் பார்க்காமல் இருப்பது வேறு விசயம். அது சிக்கனம் அல்ல, பழக்கம். இதே வீடுகளில்தான் வயதான மனிதர்களுக்கும் "வயசு போச்சு, அப்படித்தான்" என்று சொல்கிறோம். மூத்தம்மா மெலிவதையும், உப்பப்பாவின் கை நடுங்குவதையும் அதே வசனத்தால் மூடுகிறோம். மனிதரிலும், விசேடமாக வயதானவர்களில், தைரொயிட் கூடுவது மெலிவாகவும் நடுக்கமாகவும் வரும். பூனையை நிறுத்துப் பார்க்கும் வீடு மூத்தம்மாவையும் நிறுத்துப் பார்க்கும் என்று நம்புகிறோம்.

பணம் இல்லாத வீடுகள் இருக்கு. குளிசையைவிட இரத்தப் பரிசோதனையும் போக்குவரத்தும்தான் கூடச் செலவு. ஏலாதவர்களை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. வைத்தியரிடம் ஒளிக்காமல் "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். எந்தப் பரிசோதனை முக்கியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் சொல்வார். எல்லாம் பிந்திப்போய், பூனை மூச்சுவிடக் கஷ்டப்பட்டு, தின்னவும் முடியாத நிலைக்கு வந்தால், நோவில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றிக் கேட்பதும் இரக்கம்தான். சிலருக்கு மார்க்கத்தின்படி அதில் கேள்விகள் இருக்கும், அதையும் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு "எங்கயோ போயிட்டு" என்று சொல்வது மட்டும் வேண்டாம்.

இளம் ஆட்கள் செய்யக்கூடிய சின்ன வேலைகள் உண்டு. ஒரு தெருவில் வயதான பூனை உள்ள மூன்று நாலு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தால் பயணச் செலவு பிரியும். அரச மிருக வைத்திய அலுவலகங்களின் பெரும்பாலான வேலை மாடு, ஆடு, கோழி, விசர்நாய்த் தடுப்பூசி என்றிருப்பது நியாயம். ஆனால் அங்கே யாரும் பூனைக்காகப் போய்க் கேட்காவிட்டால், தேவை இருப்பதே தெரியாது. போய்க் கேளுங்க. இரத்தம் எடுத்து அனுப்பும் வசதி வேண்டும் என்று எழுதிக் கொடுங்க.

இந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு வேலை: வீட்டுப் பூனையின் வயதை விரல் விட்டு எண்ணுங்க. பத்துக்கு மேல் என்றால் கூடையோடு தராசுக்குக் கொண்டுபோங்க. வரும் எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்க. அடுத்த மாதம் அதே எண் வந்தால் சந்தோசம். குறைந்திருந்தால், கோப்பை எவ்வளவு காலியாக இருந்தாலும், அது சுகமாக இருக்குது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.